மே மாதம் 20-ந் தேதி

1498-ஆம் வருஷம் மே 20-ந் தேதி, மிளகை நாடிவந்த வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தான். நமது செல்வம் ஐரோப்பியக் கப்பலேறுவதற்கு அதுவே பிள்ளையார் சுழி. 1957-இல் அதே தேதியன்று பிரதம மந்திரி நேரு நெய்வேலிச் சுரங்க வேலையைத் துவக்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி 1961-இல் வெளிப்பட்டு, மறுவருஷமே மின்சாரமாயிற்று. இதில் நமக்குப் பெருமையே.

ஆனால் கரிக்கு மேலிருந்தவை ஊர்களும் வயல்களுமல்லவா? தம் நிலத்தில் கரும்பொருளைக் கண்டு சர்க்காருக்கு அறிவித்த ஜம்புலிங்க முதலியாரை நாடறியும். வீடுவாசல் துறந்த குடியானவர்களை யார் அறிவார்? 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக நெற்பயிரின் மீதே யந்திரங்கள் ஏறின. அறுவடைவரை பொறுக்கலாகாதா? நஷ்டஈடு கொடுத்தாயிற்று என்பது பதிலாகாது. நிலங்கொடுத்த குடும்பத்தாருக்கு முதலில் நிரந்தர வேலை கொடுக்கட்டும். மே 20-ஐப் பிறகு கொண்டாடலாம்.