முதுகு ஊசி மேல் ஏன் பழி?

கல்யாண வீடு, ரேஷன் கடை வரிசை, பஸ் ஸ்டாண்டு... எங்கே நாலு பெண்கள் சேர்ந்தாலும், அதில் ஒருத்தியாவது இடுப்பில் கையை ஊன்றிக் கொண்டு, "சிசேரியன் பண்றப்போ முதுகுல ஒரு ஊசி போட்டாங்களே... அன்னையில இருந்துதான் இந்த இடுப்பு வலி" என்று ஆரம்பிப்பாள். உடனே பக்கத்தில் இருப்பவள், "எனக்கும் அப்படித்தாங்க" என்பாள். அதற்கு மேல் பேச்சே கிடையாது. தீர்ப்பு சொல்லியாகி விட்டது, குற்றவாளி ஊசிதான்!

இதில் எனக்குச் சம்மதம் இல்லை. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 100 பிரசவங்களில் கிட்டத்தட்ட 45 சிசேரியன். இடுப்பு வலியோ, முப்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் சர்வ சாதாரணம். அப்படியிருக்க, வலி என்று சொல்பவர்களில் பாதிப் பேர் ஆபரேஷன் ஆனவர்களாகத்தானே இருப்பார்கள்? மீதிப் பாதி, சுகப்பிரசவம் ஆனவர்கள். அவர்களுக்கு ஏன் வலிக்கிறது என்று யாராவது கேட்டோமா?

எங்கள் சீர்காழிப் பக்கத்து வயல்களில் காலமெல்லாம் நடவு நட்ட பாட்டிமார்களைப் பாருங்கள். வீட்டிலேயே மருத்துவச்சி கையால் நாலைந்து பிள்ளை பெற்றவர்கள். முதுகில் ஊசி போடுவார்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. கணுக்கால் புதையும் சேற்றில் குனிந்த தலை நிமிராமல் நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்தவர்கள். மதியம் வரப்பில் ஏறும்போது இடுப்பைப் பிடித்துக் கொண்டுதான் நிமிர முடியும். இன்று நடவு மெஷினும் நேரடி விதைப்பும் வந்து விட்டன. ஆனால், பாட்டிகளின் வலி போகவில்லை. கேட்டால், "குனிஞ்சே கிடந்த இடுப்பு, வேற எப்படி இருக்கும்?" என்கிறார்கள். அவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கிறது. படித்த நாம்தான் ஊசியைப் பிடித்துக் கொண்டு தொங்குகிறோம்.

அந்த ஊசி மிக மெல்லியது. முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் மருந்தைச் செலுத்தி விட்டு வெளியே வந்து விடும். குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். பத்து வருஷம் கழித்து வலிப்பதற்கு அங்கே எதுவும் மிச்சம் இல்லை.

இந்தச் சந்தேகம் நமக்கு மட்டும் வந்ததல்ல. 1990ல் இங்கிலாந்தில், பர்மிங்காமில் பிரசவித்த 11,701 பெண்களிடம் சில வருஷங்கள் கழித்து விசாரித்து, பிரசவ வலி தெரியாமல் இருக்க முதுகில் மருந்து செலுத்திக் கொண்டவர்களுக்கு முதுகு வலி அதிகம் என்று எழுதினார்கள். ஊரெல்லாம் பரபரப்பு. பிறகு அங்கேயே வடக்கு ஸ்டாஃபோர்டுஷயரில் 369 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அந்த முறை, இன்னொன்றுக்கு வேறு முறை என்று வைத்து, இரண்டு வருஷத்துக்கு மேல் கவனித்தார்கள். 2002ல் முடிவு வந்தது: இரண்டு பிரிவுக்கும் முதுகு வலியில் வித்தியாசம் இல்லை! இத்தனைக்கும் அந்த முறையில் போடுவது தடித்த ஊசி. சின்ன டியூபை மணிக்கணக்கில் முதுகிலேயே வைத்திருப்பார்கள். நமக்கு சிசேரியனுக்குப் பெரும்பாலும் போடுவது ஒரே ஒரு மெல்லிய ஊசிதான்.

அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? கர்ப்ப காலத்திலேயே ஆரம்பித்து விடுகிறது. இடுப்பு மூட்டுகளைப் பிடித்திருக்கும் தசைநார்கள் தளர்கின்றன. வயிற்றுத் தசைகள் இழுபட்டு, முதுகைத் தாங்கும் பலத்தை இழக்கின்றன. மாசமாக இருந்தபோதே முதுகு வலித்தவர்களுக்குப் பிறகும் தொடர வாய்ப்பு அதிகம். பிள்ளை பிறந்ததும் கூனிக் கொண்டே பால் கொடுக்கிறோம். ஒரு வயசு, ரெண்டு வயசு வரை ஒரே பக்க இடுப்பில் தூக்கி வைத்துக் கொண்டு, மறு கையால் குழம்பைக் கிளறுகிறோம். 25 கிலோ அரிசி சிப்பத்தை இழுக்கிறோம். சுமார் 30 கிலோ எடையுள்ள கேஸ் சிலிண்டரை உருட்டுகிறோம். தண்ணீர் நிறைந்த வாளியைக் குனிந்தபடியே தூக்கி, அப்படியே திரும்பி ஊற்றுகிறோம். இதையெல்லாம் விட்டு விட்டு, பத்து வருஷத்துக்கு முன் போட்ட ஊசியைத் திட்டினால் எப்படி?

உலகம் முழுவதும் 2020ல் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்களை விடப் பெண்களுக்குத்தான் அதிகம். நம்மால் மாற்றக் கூடிய காரணங்களாக அவர்கள் கணக்கிட்டவை வேலை செய்யும் விதம், கூடுதல் உடல் எடை, புகை பிடிப்பது. (கடைசியாகச் சொன்னதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டுங்கள்!) எடை விஷயத்தில் நாம் சுலபமாகத் தப்ப முடியாது. முன்பு சொன்ன அதே கணக்கெடுப்பில், தமிழகப் பெண்களில் 100க்கு 40 பேர் எடை கூடியவர்கள்.

"வீட்டு வேலையே எக்ஸர்சைஸ்தான், தனியா எதுக்கு?" என்று கேட்கும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. வீட்டு வேலை உடம்பைக் களைக்க வைக்கும். முதுகுத் தசைக்குப் பலம் தந்து விடாது. 2024ல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று. இடுப்பு வலி வந்து குணமானவர்களில் ஒரு பிரிவினரை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் வரை நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். நடக்காதவர்களுக்கு சராசரியாக 112 நாளில் வலி திரும்பி வந்தது. நடந்தவர்களுக்கு 208 நாள். காசு செலவில்லாத வைத்தியம்! எங்கள் ஊரில் சட்டைநாதர் கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் சாயங்காலம் நடந்தால், புண்ணியமும் சேரும்.

இன்னொன்று. 2022 நவம்பரில் எங்கள் ஊரில் ஒரே நாளில் 44 செ.மீ., மழை கொட்டியதே... அப்போது அரிசி மூட்டை, ட்ரங்குப் பெட்டி எல்லாவற்றையும் கட்டில் மேல் தூக்கிப் போட்டு இடுப்பு பிடித்துக் கொண்ட பெண்கள் எத்தனையோ பேர். அந்த மாதிரிப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் விட்டு விடும். மூன்று மாதத்தையும் தாண்டினால்தான் அது நாள்பட்ட வலி. பயந்து போய்ப் படுத்த படுக்கையாகக் கிடப்பது, தூக்கமில்லாதது, மனக் கவலை, "இனிமே என்னால குனியவே முடியாது" என்று முடிவு கட்டி விடுவது... இவையும் வலியை நீட்டி விடுகின்றன. "வெறும் தரையில படு, பலகையில படு" என்பார்கள். ஸ்பெயினில் 313 பேரிடம் சோதித்ததில், கல் மாதிரி மெத்தையை விட ஓரளவு இறுக்கமான மெத்தைதான் நல்லது என்று 2003லேயே தெரிந்து விட்டது. நாள்பட்ட வலிக்கு இடுப்பு பெல்ட்டை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று, உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. எத்தனை வீட்டு பீரோவில் அந்த பெல்ட் தூங்குகிறதோ!

2019ல் மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பில், வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்கு 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அரிசி மூட்டையையும் சிலிண்டரையும் நகர்த்தும் வேலையையாவது வீட்டு ஆண்பிள்ளைகள் பார்க்கட்டுமே. ஊசி மேல் பழி போட்டால், அவர்களுக்கு ரொம்ப சௌகரியம். "ஊசியால வந்தது, என்ன பண்றது?" என்று பேப்பரை விரித்துக் கொள்ளலாம்.

அதற்காக எல்லா வலியையும் அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. வலியோடு கால் மரத்து பலமிழப்பது, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவது, உட்காரும் இடம் உணர்ச்சியற்றுப் போவது... இதில் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, வயதானவர்கள் விழுந்த பின் வரும் வலி ஆகியவற்றுக்கும் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

இந்தப் பேச்சுக்கெல்லாம் நடுவே ஒன்பது மாதக் கர்ப்பிணி ஒருத்தி உட்கார்ந்து கேட்டுக் கொண்டிருப்பாளே, அவளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். "முதுகு ஊசி வேண்டாம், முழு மயக்கம் கொடுத்துடுங்க" என்று டாக்டரிடம் அழும் பெண்கள் இருக்கிறார்கள். சிசேரியனில் முழு மயக்கத்தை விட முதுகு ஊசிதான் தாய்க்கும் பிள்ளைக்கும் பொதுவாகப் பாதுகாப்பானது. கண் முழித்திருக்கும்போதே பிள்ளையின் முதல் அழுகையையும் கேட்கலாம். அவளைப் பார்க்கப் போகும்போது பூவும் பழமும் கொண்டு போங்கள். ஊசிக் கதையை மட்டும் வேண்டாமே!

- ஒரு வாசகி, சீர்காழி.