வாப்பாவின் காருக்கு பாஸ் தேடுபவர்களுக்கு

நம்மவர் வீடுகள் பலவற்றில் முற்றத்து ஓரத்திலோ கடைக்குப் பின்னாலுள்ள கொட்டிலிலோ தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு கார் நிற்கும். வாப்பா ஓடிய கார். பெரும்பாலும் அது மொரிஸ் மைனராகவே இருக்கும். விற்க மனம் வராது, ஓடவும் இயலாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் பழைய வாகனங்களின் விலை ஏறியதைக் கண்டு, தார்ப்பாயை விலக்கிப் பார்த்தவர்கள் அநேகர். உங்கள் வீட்டிலும் யாராவது அப்படிப் பார்த்திருக்கலாம்.

எஞ்சினைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. பஞ்சிகாவத்தையில் நாலு கடை ஏறி இறங்கினால் ஏதோ ஒரு வழி பிறக்கும். தகடுதான் பிரச்சினை. கதவின் அடி விளிம்பு உக்கிப் போயிருக்கும். மட்காட்டின் மடிப்பில் விரல் நுழையும். கால் வைக்கும் இடத்தில் பாயைத் தூக்கினால் தரை தெரியும். கடையில் வாங்கிப் பூட்ட முடியாத பகுதியை யாராவது கையால் அடித்துத்தான் செய்ய வேண்டும். அந்தக் கை யாருடையது என்பதைத் தீர்மானிப்பதில்தான் பலர் காசையும் காரையும் இழக்கிறார்கள்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். மொரிஸ் மைனருக்குத் தகட்டு வேலை என்பது அழகு வேலை அல்ல. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த அந்தக் காருக்கு லொறிக்கு இருப்பதுபோன்ற தனிச் சேசிஸ் கிடையாது. உடம்பே எலும்பு. கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்னாக ஓடும் பெட்டி போன்ற பகுதியும், அடியில் குறுக்காகச் செல்லும் பகுதியும் சேர்ந்துதான் முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. நமது மழையிலும் கடற்காற்றிலும் முதலில் உக்குவதும் அவைதான். வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்து உள்ளே உக்கலை மறைத்த காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை ஏற்றத்தில் போவதை நினைத்துப் பாருங்கள்.

இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. சமதரையில் நிற்கும் காரின் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். பிறகு ஜெக் போட்டு ஒரு பக்கத்தை உயர்த்தி மீண்டும் திறந்து மூடுங்கள். முன்னர் இலகுவாக மூடிய கதவு இப்போது இறுகினாலோ, இடைவெளி மாறினாலோ காரின் உடம்பு வளைகிறது என்று அர்த்தம். ஜெக் போடும் இடமே நொறுங்கினால் சோதனையே தேவையில்லை. (காரின் கீழே யாரும் தலையை நுழைக்க வேண்டாம். ஜெக்கை நம்பி உயிரை வைக்கக் கூடாது. கீழே வேலை செய்வதாயின் உறுதியான தாங்கிகள் வேண்டும்.)

இனி பாஸைத் தேடுவோம். பாதையோரத்தில் ‘டிங்கரிங், பெயின்டிங்’ என்று பலகை தொங்கும் கராஜ்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோரின் அன்றாட வேலை, மோதுண்ட வாகனத்தின் நெளிவை எடுத்து, தேவையான இடத்துக்குப் புதிய பகுதியைப் பூட்டி, இரண்டு கிழமையில் திருப்பிக் கொடுப்பது. அது குறைந்த தொழில் அல்ல. ஆனால் உங்களுக்குத் தேவையான தொழில் வேறு. வெறுந்தகட்டிலிருந்து ஒரு மட்காட்டை உருவாக்கத் தெரிந்தவர் வேண்டும்.

தகட்டை அடித்தால் நீளும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைச் சுருக்கவும் வேண்டும் என்பதும், எப்படிச் சுருக்குவது என்பதும் சிலருக்கே தெரியும். மட்காட் இரண்டு பக்கமாகவும் வளைந்த பொருள். நடுப்பகுதி நீள வேண்டும், விளிம்பு சுருங்க வேண்டும். ஏறத்தாழ 0.9 மில்லிமீற்றர் தடிப்பான தகட்டை மணல் நிரப்பிய தோல் பையிலோ, குழிவான மரக்குற்றியிலோ வைத்து மரச் சுத்தியலால் அடித்து, பிறகு இரண்டு உருளைகளுக்கிடையே முன்னும் பின்னும் ஓட்டி மட்டமாக்குவார்கள். சுருக்குவதற்கு நாணயமளவு இடத்தைச் சிவக்கச் சூடாக்கி, சுற்றிவரத் தட்டி, ஈரத் துணியால் குளிர்விப்பார்கள். நல்ல பாஸ் கண்ணைவிட உள்ளங்கையை அதிகம் நம்புவார். தகட்டின் மேல் கையைத் தடவிப் பார்த்து, “இங்கே இன்னும் கொஞ்சம் இருக்கு” என்பார். நாம் தடவினால் ஒன்றும் தெரியாது.

இத்தகைய கைகள் நம் நாட்டில் இல்லாமலில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வெயார் நடத்திய மொரிஸ் மைனர் நிலையம், 1990களில் அந்தக் காருக்கான தகட்டுப் பகுதிகளை இலங்கையில்தான் செய்வித்து எடுத்தது. காரைச் செய்த நாட்டுக்கே இங்கிருந்து தகடு போயிருக்கிறது! ஆகவே ‘இங்கே யாருக்கும் தெரியாது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கே விசாரிப்பது? பஸ்ஸுக்கும் லொறிக்கும் பொடி கட்டும் பட்டறைகளில் விசாரியுங்கள்; அங்கே இன்னமும் தகட்டை வெறுமையிலிருந்து வெட்டி வளைக்கிறார்கள். இரத்மலானை ரயில்வே வேர்க்‌ஷொப்பிலோ, வெரஹெர இ.போ.ச. வேர்க்‌ஷொப்பிலோ வேலை செய்து ஓய்வு பெற்றவர் யாரேனும் உங்கள் ஊரில் இருந்தால் அவரிடம் ஒரு பிளேன்டி குடித்துக்கொண்டே கேளுங்கள். பழைய கார் சங்கங்கள் நடத்தும் ஊர்வலங்களுக்கும் கண்காட்சிகளுக்கும் போய், காரின் சொந்தக்காரரிடம் “யார் செய்தது?” என்று மட்டும் கேட்காமல், “எப்போது செய்தது?” என்றும் கேளுங்கள். பெயின்ட் காய்ந்த கிழமையில் எல்லாக் காரும் அழகுதான். மூன்று வருட மழை பார்த்த வேலையையே பார்க்க வேண்டும்.

போகும்போது ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். சொந்தக்காரரின் அனுமதியுடன் மட்காட்டிலும் கதவின் கீழ்ப்பகுதியிலும் மெதுவாக வைத்துப் பாருங்கள். ஒரே சீராக இழுத்தால் உள்ளே இரும்புத் தகடு இருக்கிறது. ஓரிடத்தில் பிடிப்பு தளர்ந்தால் அங்கே பட்டி தடிப்பாக அப்பியிருக்கிறது. பட்டியே ஆகாது என்று பேசுவோரும் உண்டு, அது மிகை. சுத்தியலுக்குப் பிறகு எஞ்சும் சிறு மேடு பள்ளத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றருக்குள் பட்டி போடுவதில் பிழையில்லை. ஓட்டையை அடைக்கவும் வளைவை உருவாக்கவும் அதைப் பயன்படுத்துவதுதான் மோசடி. லேண்ட் ரோவர் போன்ற வாகனங்களில் காந்தம் ஒட்டாததைக் கண்டு பாஸைச் சந்தேகிக்க வேண்டாம். அவற்றின் வெளித்தகடு அலுமினியம்.

ஆளைக் கண்டுபிடித்த பின் அவரிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. மற்ற எல்லாக் கேள்வியையும் விட நான் இதையே நம்புகிறேன். “பாஸ், கதவுக்குக் கீழே உள்ள பெட்டியை வெட்டும்போது என்ன செய்வீங்க?”

“வெட்டி எடுத்துட்டு புதுசு ஒட்டுவோம்” என்ற பதில் வந்தால் நன்றி சொல்லி விடைபெறுங்கள். தெரிந்தவர், காரைச் சமமாகத் தாங்கி நிறுத்துவதைப் பற்றி முதலில் பேசுவார். கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து இறுக்குவேன், ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம் தொடுவேன், ஒட்டுவதற்கு முன் கதவைப் பூட்டி இடைவெளி பார்ப்பேன் என்பார். அந்தச் சட்டமில்லாமல் வெட்டினால் கார் நடுவில் அமர்ந்துவிடும். பிறகு எந்தக் கதவும் ஒழுங்காக மூடாது. பெயின்ட் அடித்த பின் அதைத் திருத்துவது புதிதாகச் செய்வதைவிடக் கஷ்டம்.

ஒட்டும் முறையையும் கேளுங்கள். மெல்லிய தகட்டில் ஒரே இழுவையாக வெல்ட் பண்ணினால் சூட்டில் அப்பளம்போல் நெளியும். தூரத் தூரப் பொட்டு வைத்து, ஆறவிட்டு, இடையிடையே நிரப்பிக்கொண்டு வருவதே முறை. கூரைத் தகரத்தை வெட்டி ஒட்டுவதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அதிலுள்ள நாகம் ஒட்டைக் கெடுக்கும், புகை ஒட்டுபவரின் உடம்பைக் கெடுக்கும்.

இனி காசு விடயம். காரைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு, கீழே குனிந்தும் பாராமல் முழு வேலைக்கும் ஒரு தொகை சொல்பவர் ஒன்றில் தெரியாதவர், அல்லது பட்டியை நம்பியிருப்பவர். பெயின்டைச் சுரண்டி எடுக்கும் வரை பழைய காரின் உள்ளே என்ன இருக்கிறதென்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே முதலில் கழற்றிச் சுரண்டும் வேலைக்கு மட்டும் பேசுங்கள். அதன்பின் இருவருமாக நின்று பார்த்து, எது புதிதாகச் செய்வது, எது திருத்துவது, எத்தனை நாட்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு அதற்குரிய காசைத் தாமதியாமல் கொடுங்கள். முழுக் காசையும் முற்பணமாக வாங்கிய கராஜில் கார் வருடக்கணக்கில் புல் முளைத்து நின்ற கதைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மறுபுறம், ஒரு மட்காட்டுக்குப் பல நாள் உழைத்தவரிடம் ‘இந்தத் தகட்டுக்கா இவ்வளவு?’ என்று பேரம் பேசுபவர்களும் நம்மில் இருக்கிறார்கள். தகட்டுக்கு அல்ல, கைக்கே கூலி. பாஸ்மாரின் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வராமைக்கு இப்படியான பேரமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

உக்கிய பழைய தகட்டை எறிய விடாதீர்கள். அதுதான் புதியதற்கு அளவு. ஒரு பக்கம் முற்றாக அழிந்திருந்தால் மறுபக்கத்திலிருந்து கடதாசியில் அச்செடுத்துத் திருப்பி வெட்டலாம். சேசிஸ் இலக்கம் உள்ள தகட்டை வெட்டவோ மறைக்கவோ கூடாது. பதிவுப் புத்தகத்தில் உள்ளதோடு அது ஒத்துப்போகாவிட்டால் பிறகு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைய நேரிடும். நிறத்தை மாற்றுவதாயினும் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.

வெறுந்தகடாக நிற்கும் நாளில் கட்டாயம் போய்ப் பாருங்கள். படமும் எடுத்து வையுங்கள். பாஸைச் சந்தேகித்து அல்ல. நல்ல பாஸாக இருந்தால் அந்த நாளில் உங்களை அவரே கூப்பிடுவார். பெயின்டுக்குப் பின் அவர் செய்ததை யாரும் காணப்போவதில்லையே. ஆனால் அப்படியே நாட்கணக்கில் விடக் கூடாது. கரையோர ஊர்களில் வெறுந்தகட்டில் ஓரிரவிலேயே துரு பூக்கும். உடனே பிரைமர் அடிக்க வேண்டும். பெட்டி போன்ற பகுதிகளின் உட்புறத்துக்கு மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெய் விசிற வேண்டும். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். பெயின்ட் அடிக்கும் பொடியன் அவற்றையும் சேர்த்து அடைத்துவிட்டானா என்று, காரை வீட்டுக்கு எடுத்து வருமுன் ஒரு தடவை குனிந்து பாருங்கள்.