காட்டின் மருந்தும் ஊரின் உரிமையும்

எக்கியார்குப்பம் முதலிய மீனவர் ஊர்களுக்கும் மரக்காணத்து உப்பளங்களுக்கும் அப்பால், ஒரு பழங்காட்டின் எச்சங்கள் சிதறிக் கிடக்கின்றன. சோழமண்டலக் கடற்கரைக்குச் சிறப்பாக உரிய உலர் பசுமைமாறாக் காடு அது. பெருமழை ஐப்பசி, கார்த்திகையோடு முடிந்துவிடினும், கோடையிலும் பசுமை மாறாதிருப்பது அதன் இயல்பு. வீரை, காசா, பாலை, எட்டி மரங்களினூடே சீந்திலும் நன்னாரியும் தண்ணீர்விட்டானும் வளர்கின்றன. விறகுக்காக வெட்டப்பட்டும், சவுக்குக்கும் முந்திரிக்கும் இடம் கொடுத்தும் அழிந்தது போக, குரும்புரம் போன்ற காப்புக்காடுகளும் புத்துப்பட்டு ஐயனார் கோயில்காடும் எஞ்சியுள்ளன. முன்னவற்றைச் சட்டம் காத்தது. பின்னதை அச்சம் கலந்த பக்தி காத்தது.

இவ்விரு காவல்களும் இனிப் போதா. இந்தியாவில் 1,178 மூலிகை இனங்கள் வணிகத்தில் உள்ளன என்றும், அவற்றுள் 242 இனங்கள் ஆண்டுக்கு 100 டன்னுக்கு மேல் விற்பனையாகின்றன என்றும் 2017-இல் வெளியான தேசிய ஆய்வு கூறிற்று. இவற்றுட் பல இன்றும் காட்டிலிருந்தே வருகின்றன. நன்னாரிக்கு விலை வேரில், தண்ணீர்விட்டானுக்குக் கிழங்கில். அவற்றைத் தோண்டுவோர் அடுத்த ஆண்டின் செடியையும் சேர்த்தே தோண்டுகின்றனர்.

எனவே எங்கே எதை எடுக்கலாம் என்னும் வரையறையே முதல் தேவை. இலை, பூ, கனி ஆகியவற்றைப் பறவைக்கும் விதைக்கும் பங்கு விட்டுக் காட்டில் திரட்டலாம். வேருக்காகக் கொல்லப்படும் செடிகளை வெளியே பயிரிட்டே ஆகவேண்டும். கோயில்காட்டில் கைவைத்தல் ஆகாது. நாற்றங்கால்களுக்கு விதை தரும் தாய்நிலம் அதுவே. கடலூர் மாவட்டத்து மணற்பாங்கான ஊர்களில் வெட்டிவேர் வயற்பயிராகவே விளைகிறது. மரக்காணத்தில் நன்னீர் கிடைக்கும் பட்டா நிலங்களில் அதனை முயன்று பார்க்கலாம். ஆயினும் ஏறத்தாழ ஓராண்டில் மண்ணைக் கிளறி எடுக்கும் பயிர் அது. புயலைத் தடுக்கும் மணல்மேடுகளில் அதற்கு இடம் தரலாகாது.

பயிரிடுதல் மட்டும் உழவரைக் காத்துவிடாது. மூலனூர்ப் பகுதியில் கண்வலிக்கிழங்கு விதை பல்லாண்டுகளாக விளைந்தும், விலையை வணிகரே வகுக்கின்றனர் என்னும் முறையீடு ஓய்ந்தபாடில்லை. விற்பனைக்கு முன்பே வாங்குவோருடன் ஒப்பந்தமும், உலர்த்தித் தரம் பிரிக்கும் கூடமும், கூட்டுறவு அமைப்பும் வேண்டும். மரக்காணம் வட்டாரத்து நடுக்குப்பத்தில், ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் வனத்தார் துணையோடு பெண்கள் மூலிகைப் பொருள்கள் செய்யும் தொழில், இது இயலாத செயலன்று என்பதற்குச் சான்று. மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர்க்கு வேலை இல்லை. ஏப்ரல் நடுவிலிருந்து 61 நாள் மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. இவ்விரு வறுங்காலங்களிலும் நாற்றங்காலும் உலர்த்தும் கூடமும் கூலி தரக்கூடும்.

உரிமை தரும் சட்டத்திற்குக் குறைவில்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், சிறுவனப் பொருள்களின் உடைமையையும் சமுதாயக் காட்டைக் காத்து மேலாளும் உரிமையையும் காடு சார்ந்து வாழ்வோர்க்கு அளித்துள்ளது. மூலிகை அறிவை வழிவழியாகப் போற்றிவரும் இருளர் பழங்குடியினர்க்கு அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடலாகாது. பல்லுயிர்ச் சட்டத்தின் 2023-ஆம் ஆண்டுத் திருத்தம், பயிரிட்ட மூலிகைகளுக்கு, வணிக ஆதாயத்தில் ஊராருக்குப் பங்கு தரும் பயன் பகிர்விலிருந்து விலக்களித்தது. காட்டில் தோண்டியதை வயலில் விளைந்ததென்று காட்ட விரும்புவோர்க்கு இது வசதியான வாயில். அதனை அடைக்க வல்லது, விளைவிடச் சான்று அளிக்கும் ஊர்ப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவே. அக்குழு பெயரளவில் இருந்தால் சான்றும் பெயரளவினதே ஆகும்.

ஆகவே அரசு செய்யத்தக்கன மூன்று: மரக்காணம் வட்டாரக் குழுக்களுக்குப் பயிற்சியும் நிதியும் தருக; இருளரின் உரிமைக் கோரிக்கைகளைக் காலவரையறையுடன் தீர்க்க; வேர்மூலிகைகளுக்கு ஊர்தோறும் நாற்றங்கால் அமைக்க. எல்லையற்ற உரிமை காட்டை அழிக்கும்; உரிமையற்ற காவல் காவலரையே பகையாக்கும். இவ்விரண்டையும் தவிர்க்கும் ஆணையை அரசு வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே பிறப்பிக்க வேண்டும்.