துணிச்சலுக்கு அட்வான்ஸ் எவ்வளவு?

'துணிச்சல் இருந்தால் போதும், சென்னை யாரையும் கைவிடாது' என்கிறார் நண்பர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தனியாக வந்து இறங்குபவரிடம் வீட்டுக்காரர் துணிச்சலையா கேட்கிறார்? 'பேச்சிலரா? சொந்த ஊர் எது? நான்வெஜ் சமைப்பீங்களா?' ஊரைக் கேட்பது எதைத் தெரிந்துகொள்ள என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பெண் என்றால் விசாரணை இன்னும் நீளும்.

இதெல்லாம் தாண்டினால் அட்வான்ஸ். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் மட்டும் பரவாயில்லையாம்! அந்தச் சந்து வழியாகத்தான் பத்து மாத அட்வான்ஸ் இன்னமும் உள்ளே வருகிறது. எட்டாயிரம் வாடகை என்றால் எண்பதாயிரம். முதல் சம்பளமே வாங்காதவர் எந்தத் துணிச்சலை அடகு வைப்பார்?

தனியாக வந்தவர்கள் தங்கும் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் தலைமுறை தலைமுறையாக நிரம்பி வழிந்தது சும்மா இல்லை. அங்கேயும் முதல் நாள் இரவு பாயில் பாதி இடம் விட்டது நகரம் அல்ல, முன்பே வந்து சேர்ந்த ஊர்க்காரர். எல்லோரும் தன்னந்தனியாக ஜெயித்தார்கள் என்றால், அந்த ஊர்க்காரர் கட்டிய மெஸ் பாக்கியை நண்பர் யார் கணக்கில் எழுதுவார்?