சர்வேயர் பார்க்கும் முன் பிரித்த வண்டி



சென்ற மாதம் சி.டி.எச். சாலையில், அம்பத்தூர் தாண்டி, ஒரு வேன் என் மகனின் பைக்கை இடித்தது. பிள்ளைக்குச் சிராய்ப்போடு போயிற்று. வண்டிக்கு ஃபோர்க் வளைந்து, ஹெட்லைட், மட்கார்டு நொறுங்கின. தெரிந்த மெக்கானிக் "நான் பாத்துக்கிறேன் சார்" என்று அன்றே பிரித்துவிட்டார். மறுநாள் காப்பீட்டு நிறுவனத்தில், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்கும் முன் பிரித்த வண்டிக்கு கிளெய்ம் இல்லை என்றார்கள். மூன்று வாரம் அலைந்தேன். விபத்து நடந்த இடத்தில் மகன் எடுத்த செல்போன் படங்களால்தான் கொஞ்சமாவது கிடைத்தது. அதிலும் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானக் கழிவு. பாலிசியோடு 'ஜீரோ டெப்' என்ற கூடுதல் பாதுகாப்பைச் சேர்த்திருந்தால் அந்தக் கழிவு இருந்திருக்காது. விற்றபோது யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று. 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வாகனங்களுக்கு 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதை நம்பி, நம் வண்டிச் சேதத்துக்கான பாலிசி முதல் ஆண்டிலேயே முடிந்துபோனதை அறியாமல் ஓட்டுகிறவர்கள் ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் எத்தனையோ பேர். தயவுசெய்து உங்கள் பாலிசியை இன்றே எடுத்துப் பாருங்கள்.

கிளெய்மில் சிக்கலென்றால், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலும், மறுத்தாலும், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம்.

வண்டி விற்கும் ஷோரூம்கள் இந்த விவரங்களைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுச் சாவியோடு தர அரசு உத்தரவிட வேண்டும்.

– ஒரு வாசகர், பட்டாபிராம்