உதிர்ந்த மாங்காய்க்கு ஏரிக்கரையில் விலை உண்டு

நாட்டின் உப்பங்கழி ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி பழவேற்காடு. அதை ஒட்டிய பசியாவரம் போன்ற மீனவர் ஊர்களைச் சுற்றிலும் உப்பு நீர். கோடையில் உப்பு மேலும் ஏறும். இறாலும் மடவையும் ஏரி தரும். காய்கறி வெளியிலிருந்துதான் வரவேண்டும்.

அதே கோடையில் திருவள்ளூர் மாவட்டத்து மாந்தோப்புகளில் காற்றுக்கு உதிரும் காய்களை வியாபாரிகள் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். அடிபட்ட காய் பழுக்குமுன் அழுகும் என்பது உண்மையே. ஆனால் குழம்புக்கு அது முதல் தரம். இறால் குழம்பில் புளியைப் பாதியாகக் குறைத்து, மசாலா பச்சை வாசனை போகக் கொதித்த பிறகே மாங்காய்த் துண்டுகளைப் போடவேண்டும். முன்னதாகப் போட்டால் கரைந்துவிடும். இறாலைக் கடைசியில் சேர்ப்பது நல்லது. அதிகம் வெந்தால் ரப்பர்தான். கருவாட்டுக்குக் கத்தரிக்காய் சேர்ப்பதை அவ்வூர்ப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உதிர்காயைத் தூரத்துச் சந்தைக்கு அனுப்பி, வண்டிக் கூலிக்கும் கட்டாமல் திரும்புவதைவிட, பக்கத்து விவசாயிகள் நாலைந்து பேர் சேர்ந்து, கத்தரி, முருங்கையுடன் அன்றே பழவேற்காட்டுக்குக் கொண்டுபோய்க் கூறு கட்டி விற்பது மேல். காசுக்குப் பதில் இறால் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளலாம். தோப்புக்காரர் வீட்டில் மாங்காய்க்கா பஞ்சம்?