சூரியகாந்தி வீட்டுச் சம்பந்தம்

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது என்ற செய்தி வந்ததுமே எங்கள் வீட்டில் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள். அருவி ஸ்நானம் முடிந்தால் அடுத்த யாத்திரை சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டங்களுக்குத்தான். ஆயிரக்கணக்கான மஞ்சள் முகங்கள் கிழக்கே பார்த்து நிற்கும் அழகு இருக்கிறதே, சும்மா சொல்லக்கூடாது!

அந்தப் பக்கத்தில் என் பெரியம்மா மகள் ஒருத்திக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அங்கேயும் போனோம். என் மகள் ஒரு செடியைக் கண்டதும் துள்ளினாள். மற்றச் செடிகளில் ஒற்றைத் தண்டு, உச்சியில் ஒரே ஒரு பெரிய பூ. இதிலோ பக்கக் கிளைகள் விட்டு ஏழெட்டுச் சின்னப் பூக்கள்!

"பெரியம்மா, உங்க தோட்டத்திலேயே இதுதான் அழகு!" என்று படம் எடுத்துக்கொண்டாள்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அழகு இருந்து என்ன செய்ய? எண்ணெய்க்கு ஆகணுமே!" என்றாள்.

பிறகுதான் நான் கவனித்துப் பார்த்தேன். ஒரு செடி ஆள் உயரம். பக்கத்துச் செடி இடுப்பளவு. ஒன்று மொட்டு, ஒன்று மலர்ச்சி, ஒன்று வாடிவிட்டது. என் மகள் ஒரு பெரிய பூவைத் தடவிப் பார்த்தாள். விரலில் மஞ்சள் பொடியே ஒட்டவில்லை.

"போன வருஷம் அமோகமா விளைஞ்சுது. பெரிய பூவாப் பார்த்து நானே விதை எடுத்து வச்சேன், காசு மிச்சம்னு. விதை கெட்டுப் போச்சா, மண்ணு கெட்டுப் போச்சாட்டி?" என்று கேட்டாள் அக்கா.

விதையும் கெடவில்லை, மண்ணும் கெடவில்லை. அவள் போன வருஷம் வாங்கியது வீரிய ஒட்டு விதை. அதன் பின்னால் ஒரு பெரிய கல்யாணக் கதையே இருக்கிறது. கேளுங்கள்.

சூரியகாந்தி என்பது ஒரு பூ அல்ல. நடுவட்டத்தில் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் நெருங்கி உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மகரந்தமும் உண்டு, சூலும் உண்டு. இரண்டு குலத்தைக் கலந்து விதை எடுக்க வேண்டுமானால், தாய்ச் செடியின் ஒவ்வொரு சிறு பூவிலிருந்தும் மகரந்தப் பையை இடுக்கியால் பிடுங்கியாக வேண்டும். பத்துப் பூவுக்குச் செய்யலாம். ஊருக்கெல்லாம் விதை கொடுக்க முடியுமா?

இந்த முடிச்சு 1969-இல் அவிழ்ந்தது. பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானி லெக்லெர்க், காட்டுச் சூரியகாந்தி இனம் ஒன்றை நாட்டுச் சூரியகாந்தியுடன் கலந்தபோது மகரந்தமே இல்லாத செடிகள் கிடைத்தன. சூல் மட்டும் பழுதில்லாமல் இருந்தது. இந்த 'ஆண் மலடு' தாய் வழியாகவே வம்சத்தில் இறங்கும். மறு வருஷமே அமெரிக்காவில் கின்மன் என்பவர், அந்தக் குறையை அடுத்த தலைமுறையில் நீக்கும் குணம் கொண்ட தகப்பன் செடிகளைக் கண்டுபிடித்தார். தாய் கிடைத்தது, தகப்பனும் கிடைத்தது. இனிப் பொருத்தம் பார்க்க வேண்டியதுதானே?

அதற்குமுன் ஒரு தவம் இருக்கிறது. பூவுக்குத் துணிப்பை கட்டி, தன் மகரந்தத்தையே தான் ஏற்கும்படி ஆறேழு தலைமுறை வளர்ப்பார்கள். குணம் நிலைப்படும்; ஆனால் செடி குட்டையாகி, நோஞ்சானாகிவிடும். அப்படிப்பட்ட இரண்டு நோஞ்சான்களை, உறவே இல்லாத இரண்டு குலத்திலிருந்து எடுத்துச் சேர்த்தால், பிள்ளை ராஜா மாதிரிப் பிறக்கிறது! நெருங்கிய சொந்தத்தில் சேர்த்தால் அவ்வளவு வீரியம் வருவதில்லை. அத்தை மகன், மாமன் மகள் என்று உரிமை கொண்டாட இங்கே இடமில்லை.

தாய்க்கு என்ன லட்சணம் வேண்டும்? வெயிலோ மழையோ, மகரந்தம் துளியும் தலைகாட்டக்கூடாது. ஒற்றைப் பூ, நிறைய விதை, விதையில் எண்ணெய் வேண்டும். மகரந்தம் இல்லாத தாய் தன் குலத்தை எப்படிக் காப்பாற்றும்? அதற்கு ஓர் உடன்பிறப்பு வரிசை வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் தாயைப் போலவே இருக்கும். மகரந்தம் மட்டும் கூடுதல்.

தகப்பனுக்கு முதல் லட்சணம், பிள்ளைக்கு மகரந்தத்தை மீட்டுக் கொடுப்பது. இரண்டாவது, தாய் பூக்கிற நாளில் தானும் பூப்பது. பல தகப்பன் வரிசைகள் கிளைவிட்டுப் பல பூக்கள் பூப்பவை. ஒன்று வாடினால் இன்னொன்று மலரும்; பல நாள் மகரந்தம் கிடைக்கும். கிளை விடும் அந்தக் குணம் பிள்ளையிடம் ஒளிந்து கொள்வதால், உழவர் வயலில் ஒற்றைப் பூதான் நிற்கும்.

ஆனால் லட்சணம் மட்டும் போதாது. தாயும் தகப்பனும் பார்வைக்கு நன்றாக இருந்தும் பிள்ளை சுமாராக இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு தாயையும் பல தகப்பன்களோடு சேர்த்து, பிள்ளைகளைப் பல ஊர்களில் பல பருவங்களில் விதைத்து அளந்து பார்க்கிறார்கள். இதற்கு இணைதிறன் என்று பெயர். பெங்களூர் வேளாண் பல்கலைக் கழகத்தார் 1980-இல் வெளியிட்ட பி.எஸ்.எச்.-1, நம் நாட்டின் முதல் சூரியகாந்தி ஒட்டு. 234 என்ற எண்ணுள்ள தாய்க்கு ஆர்.எச்.ஏ. 274 என்ற அமெரிக்கத் தகப்பன் வரன். அதே தாய்க்கு வேறொரு வரன் பார்த்ததில் பின்னாளில் கே.பி.எஸ்.எச்.-1 பிறந்து பெயர் வாங்கியது. ராசியான தாய்!

விதைப் பண்ணையில் மூன்று வரிசை தாய்க்கு ஒரு வரிசை தகப்பன் என்று நடுவார்கள். தேனீ போதாத இடத்தில், காலை வேளையில் பெண்கள் மெல்லிய துணியால் தகப்பன் பூவை ஒற்றி, தாய்ப் பூவில் தடவுகிறார்கள். நம் வாணலியில் காயும் எண்ணெயில் அவர்கள் கைநேர்த்தியும் இருக்கிறது.

இதில் கவலைப்பட ஒரு விஷயமும் உண்டு. உலகத்துச் சூரியகாந்தி ஒட்டுகளில் மிகப் பெரும்பாலானவை லெக்லெர்க் கண்ட அந்த ஒரே தாய்வழியைச் சேர்ந்தவை. 1970-இல் அமெரிக்காவில் மக்காச்சோளம் இப்படித்தான் ஒரே தாய்வழியை நம்பியிருந்தது. இலைக்கருகல் நோய் வந்து சுமார் 15 சதவீத விளைச்சலை வாரிக்கொண்டு போயிற்று. அதனால்தான் காட்டு இனங்களில் வேறு தாய்களைத் தேடி வருகிறார்கள்.

இனி அக்காவின் வயலுக்கு வருவோம். ஒட்டுச் செடியின் விதையை எடுத்து விதைத்தால், ஒளிந்திருந்த குணங்களெல்லாம் பிரிந்து வெளியே வந்துவிடும். ஏறக்குறைய நாலில் ஒரு செடிக்கு மகரந்தம் இராது. தாத்தா கிளைவிடும் ஜாதியானால், நாலில் ஒன்று கிளைவிடும். வீரியமும் குறையும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா, "அப்போ வருஷா வருஷம் கல்யாணச் செலவாட்டி?" என்றாள்.

ஆமாம் என்றேன். சாதாரண ரகம் போட்டால் விதை எடுத்து வைக்கலாம். விளைச்சல் கொஞ்சம் குறையும். அதிலும் பக்கத்து வயலில் ஒட்டு ரகம் இருந்தால் தேனீ கலந்துவிடும். அக்கா விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். விதைப் பையில் மிச்சம் பிடித்த பணத்தைப் போல எத்தனை மடங்கு வயலில் போயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "வர்ற பட்டத்துக்குப் புது விதைதான்" என்று பெருமூச்சு விட்டாள்.

2022-இல் உக்ரேனில் யுத்தம் மூண்டதும் நம் வீட்டு எண்ணெய் விலை ஏறியதே, மறந்திருக்க மாட்டீர்கள். நாம் வாங்கும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி கப்பலேறித்தான் வருகிறது. அக்காவைப் போன்றவர்கள் விதைக் கணக்கில் தோற்காமல் இருந்தால் அதில் கொஞ்சமாவது குறையும்.

என் மகள் எடுத்த படம் இப்போது கூடத்துச் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாரும், "என்ன அழகு!" என்கிறார்கள். எனக்கு மட்டும் அதைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவின் பெருமூச்சு காதில் விழுகிறது.